ஜென்னும் உபதேசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவில் உருவாகி ஜப்பானில் வேரூன்றிய பௌத்தப் பிரிவான ஜென் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வகையான ஆட்கள் கேள்வி கேட்கிறார்கள். "பாவம், புண்ணியம், நரகம் என்று மிரட்டாத மதம் இது ஒன்றுதானே?" என்று ஆசையோடு கேட்பவர்கள் ஒரு பக்கம். "ஒழுக்கத்தைப் பற்றி வாயே திறக்காதது என்ன மதம்?" என்று சந்தேகத்தோடு கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி. ஜென்னில் ஒழுக்கம் உண்டு, நிறையவே உண்டு. அது மேடையில் இல்லை, மடத்தின் அன்றாட ஒழுங்கில் இருக்கிறது. அதனால் வந்த நன்மையும் உண்டு, கேடும் உண்டு.

ஜென்னில் உபதேசமே கிடையாதா?

தாராளமாக உண்டு. பழைய சீன ஜென் மடங்களில் தலைமைத் துறவி தர்ம மண்டபத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து பேசுவார். மற்றவர்கள் வரிசையாக நின்று கேட்பார்கள். அப்படிப் பேசியதையும் கேள்வி பதிலாக நடந்ததையும் சீடர்கள் எழுதிவைத்தார்கள். இன்று நாம் படிக்கும் ஜென் கதைகளில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். ஜப்பானிய மடங்களில் குரு ஒரு பழைய கோஆனை, அதாவது நேரடி விடைக்கு அடங்காத ஒரு பழைய உரையாடலை, எடுத்துவைத்துப் பேசும் 'தெய்ஷோ' இன்றும் நடக்கிறது.

பேச்சின் போக்குதான் வேறு. யாவ்ஷான் (745–828) என்ற குரு வெகுநாளாக ஆசனம் ஏறவே இல்லை. மடத்து நிர்வாகி வந்து, "எல்லோரும் உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள்" என்றார். சரி, மணியை அடி என்றார் குரு. எல்லோரும் கூடினார்கள். அவர் ஆசனத்தில் ஏறினார், சற்று நேரம் உட்கார்ந்திருந்தார், இறங்கித் தன் அறைக்குப் போய்விட்டார். நிர்வாகி பின்னாலேயே ஓடி, "பேசுவதாக ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே" என்று கேட்டார். "சூத்திரம் சொல்ல சூத்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சாத்திரம் சொல்ல சாத்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். என்னைப் பார்த்து ஏன் ஆச்சரியப்படுகிறாய்?" என்றார் யாவ்ஷான்.

வழக்கமான பிரசங்கம் முடிந்தால் கேட்டவர் ஒரு நீதியையோ வாக்குறுதியையோ எச்சரிக்கையையோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். யாவ்ஷான் எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்பினார்.

எழுத்தை நம்பாத மரபு என்கிறார்கள். பிறகு எதற்கு இத்தனை நூல்கள்?

நியாயமான கேள்வி. "மறைநூல்களுக்கு வெளியே தனியாகக் கைமாறுவது, எழுத்தைச் சாராதது, மனத்தை நேரே சுட்டுவது, தன் இயல்பைக் கண்டு புத்தராவது" என்ற நான்கு அடிகளும் ஒன்றாகச் சேர்ந்து காணப்படுவது 1108-ஆம் ஆண்டின் ஒரு சீன நூலில். ஜென்னின் முதல் குருவாகச் சீன மரபு சொல்லும் போதிதர்மர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து! எழுத்தைச் சாராத மரபு என்று சொல்லிக்கொண்டே பௌத்தத்தில் மிக அதிகமாக எழுதிக் குவித்த பிரிவுகளில் ஒன்றாக ஜென் ஆனது. எழுதக் கூடாது என்பது அவர்கள் நிலைப்பாடு இல்லை. எழுதியதைப் பிடித்துக்கொண்டு திருப்திப்படக் கூடாது, அவ்வளவுதான்.

நல்லது செய், கெட்டது செய்யாதே என்று ஜென் சொல்கிறதா?

சொல்கிறது. சொன்னதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைப்பதில்லை.

பாய் ஜூயி (772–846) சீனாவின் தாங் காலத்துப் பெருங்கவிஞர். ஹாங்ஜோவுக்கு ஆளுநராகவும் இருந்தார். அந்தப் பகுதியில் தாவ்லின் என்ற துறவி மரத்தின் மேல் உட்கார்ந்து தியானம் செய்வார். பறவைக்கூட்டுத் துறவி என்றே அவரை அழைத்தார்கள். கவிஞர் அவரிடம் போய், "புத்தர் போதித்ததன் சாரம் என்ன?" என்று கேட்டார். "தீயது எதையும் செய்யாதே, நல்லது அனைத்தையும் செய்." "இதை மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லுமே!" "குழந்தை சொல்லிவிடும். எண்பது வயதுக் கிழவனால் செய்ய முடியவில்லையே."

'சொல்லுதல் யார்க்கும் எளிய' என்று படித்து வளர்ந்த நமக்கு இது புதிய விஷயமே இல்லை. தாவ்லின் சொன்னதும் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. தம்மபதத்தின் 183-ஆவது பாடல் அதுதான். ஆகவே ஒழுக்கத்தின் உள்ளடக்கத்தில் ஜென்னுக்கும் மற்றப் பௌத்தப் பிரிவுகளுக்கும் சண்டை கிடையாது.

ஜப்பானில் சோட்டோ பிரிவை நிறுவிய தோகென் (1200–1253), 1240-இல் இந்த ஒரு வாசகத்தையே எடுத்துக்கொண்டு முழு உரை நிகழ்த்தினார். தொடக்கத்தில் 'தீயது செய்யாதே' என்பது வெளியிலிருந்து வரும் கட்டளையாகக் காதில் விழுகிறது. பயிற்சி முதிர முதிர, தீயது செய்ய வராத ஒரு நிலையாகவே அது மாறுகிறது என்பது அவர் வாதம். கூடவே, மூன்று வயதுக் குழந்தையின் பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் என்று கவிஞரை ஒரு பிடி பிடிக்கிறார். தோகெனுக்கு அவ்வளவு எளிதில் யாரையும் பிடித்துவிடாது.

"நல்லதையும் நினைக்காதே, கெட்டதையும் நினைக்காதே" என்றால் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதானே அர்த்தம்?

இந்த வரியைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் அப்படித்தான் தோன்றும். யார், யாரிடம், எப்போது சொன்னார் என்று பார்க்க வேண்டும்.

போதிதர்மரில் தொடங்கும் வரிசையில் ஆறாவது குரு ஹுய்நெங் (638–713), ஐந்தாவது குருவிடமிருந்து வாரிசுக்கு அடையாளமான அங்கியையும் திருவோட்டையும் பெற்றுக்கொண்டு தெற்கே போகிறார். பொறாமை கொண்ட கூட்டம் துரத்துகிறது. அதில் முன்னாள் படைத்தலைவர் ஹுய்மிங் மலைக் கணவாயில் அவரைப் பிடித்துவிடுகிறார். ஹுய்நெங் அங்கியைப் பாறைமேல் வைத்துவிட, துரத்தி வந்தவரால் அதைத் தூக்க முடியவில்லை. நடுங்கிப்போய், "நான் அங்கிக்காக வரவில்லை, போதனைக்காக வந்தேன்" என்கிறார். அப்போது வருகிறது அந்தக் கேள்வி: "நல்லது என்றும் நினைக்காமல், கெட்டது என்றும் நினைக்காமல் இருக்கும் இந்த நொடியில் உன் மூலமுகம் எது?"

திருட வந்தவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். 'நீ செய்தது தப்பு' என்று ஹுய்நெங் சொல்லியிருந்தால் அவன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே ஆளாகவே திரும்பிப் போயிருப்பான். அவனை ஒரு கணம் அந்தக் கணக்குக்கு வெளியே நிறுத்தி உள்ளே பார்க்க வைக்கிறார் குரு. இது ஒரு சிகிச்சை முறை. வாழ்க்கை முழுக்கப் பின்பற்ற வேண்டிய கொள்கையாக அவர் இதை அறிவிக்கவில்லை. அதே ஹுய்நெங்கின் பேருரைகளைத் தொகுத்த நூலில் அவர் கூடியிருந்த மக்களுக்குச் சீலம், அதாவது ஒழுக்க உறுதிமொழி, வழங்குவதும் வருகிறது.

எது வேண்டுமானாலும் செய்யலாம் என்ற எண்ணம் ஜென்காரர்களுக்கே வரும் என்று பழைய குருக்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கென்றே ஒரு கோஆன் வைத்தார்கள். பாய்ஜாங் என்ற சீன ஜென் குரு பேசும்போதெல்லாம் ஒரு முதியவர் வந்து பின்னால் நின்று கேட்பார். ஒருநாள் எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை. யார் என்று குரு கேட்டதும், தன் கதையைச் சொன்னார்: "நான் மனிதன் இல்லை. முன்னொரு யுகத்தில் இதே மலையில் மடத்தலைவராக இருந்தேன். ஞானம் பெற்றவன் வினைப்பயனுக்குக் கட்டுப்பட்டவனா என்று ஒரு சீடன் கேட்டான். கட்டுப்பட மாட்டான் என்றேன். அதற்காக ஐந்நூறு பிறவி நரியாகப் பிறந்தேன். நீங்கள் ஒரு சரியான வார்த்தை சொல்லுங்கள்." பாய்ஜாங் சொன்னார்: "வினைப்பயனைக் காணாதவன்போல் இருக்க மாட்டான்." முதியவர் விடுதலை பெற்றார், மலைக்குப் பின்னால் கிடந்த நரியின் உடலைத் துறவிக்குரிய சடங்கோடு எரித்தார்கள். ஞானம் வந்தால் விதி பொருந்தாது என்று போதித்தவனுக்கு ஜென் கொடுத்த தண்டனை இது.

பத்துக் கட்டளைகள் மாதிரி ஜென்னில் ஏதாவது உண்டா?

சோட்டோ பிரிவில் சீலம் ஏற்பவர் பதினாறு உறுதிகளை எடுக்கிறார். புத்தர், தர்மம், சங்கம் ஆகியவற்றில் சரணடைவது மூன்று. தீயதை விலக்குவது, நல்லதைச் செய்வது, எல்லா உயிர்க்கும் பயன்படுவது மூன்று. மிச்சம் பத்தும் பெருஞ்சீலங்கள்: கொல்லாமை, திருடாமை, காமத்தில் பிறழாமை, பொய் சொல்லாமை, மதுவைத் தவிர்ப்பது, அப்புறம் பிறர் குற்றங்களைப் பேசாமை, தன்னைப் புகழ்ந்து பிறரை இகழாமை, கருமித்தனம் இல்லாமை, சினத்துக்கு இடம் கொடாமை, புத்தம் தர்மம் சங்கத்தைப் பழிக்காமை.

ஆறாவதையும் ஏழாவதையும் இன்னொரு முறை படியுங்கள். பிறர் குற்றங்களைப் பேசாதே. உன்னை உயர்த்தி அவரைத் தாழ்த்தாதே. ஊருக்கு உபதேசம் செய்கிறவர் பெரும்பாலும் செய்வது இந்த இரண்டையும்தான். கொலை, களவு வரிசையிலேயே அதையும் வைத்துத் தடுத்திருக்கிறார்கள். ஜென்னில் நீதிபோதனை குறைவாக இருப்பதற்குக் காரணம் ஒழுக்கத்தில் அக்கறை இல்லாதது என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அடுத்தவரைக் குறைசொல்லும் உபதேசம் அங்கே ஒழுக்க மீறலாகவே எண்ணப்படுகிறது. இந்தப் பத்தும் ஜென் கண்டுபிடித்தவை அல்ல, கிழக்காசிய மகாயான பௌத்தத்தின் பிரம்மஜால சூத்திரத்திலிருந்து வந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மோசேயின் கட்டளைகளோடு ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கட்டளையிடுபவர் கடவுள். மீறினால் அவருக்கு எதிரான குற்றம். இங்கே கட்டளையிட யாரும் இல்லை, ஏற்பவர் தானே எடுக்கும் உறுதி. மீறினால் பாவமன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. அதற்குப் பதில் பழைய வினைகளை ஒப்புக்கொள்ளும் ஒரு சிறு பாடலைச் சபையில் ஓதுகிறார்கள்.

புண்ணியமே இல்லை என்று போதிதர்மர் பேரரசரிடம் சொன்னது ஏன்?

லியாங் அரசின் பேரரசர் வூ (ஆட்சி 502–549) பௌத்தத்துக்கு அள்ளிக் கொடுத்தவர். "கோயில்கள் கட்டினேன், துறவிகளை ஆதரித்தேன், எனக்கு எவ்வளவு புண்ணியம்?" என்று கேட்டார். "புண்ணியம் எதுவும் இல்லை" என்றார் போதிதர்மர். இந்தச் சந்திப்பு 8-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் நூல்களில் தலைகாட்டுகிறது. நடந்த சம்பவமாக வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்கொள்வதில்லை. (தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு அவரைச் சொல்வதால் நமக்கு அவர்மேல் தனிப் பாசம். அதை இங்கே ஓரமாக வைப்போம்.)

கதை தாக்குவது கோயில் கட்டுவதை இல்லை, கணக்குப் பார்ப்பதை. உலகத்தில் நீதிபோதனையின் பெரும்பகுதி கூலியையும் தண்டனையையும் வைத்துத்தான் ஓடுகிறது. 1741-இல் அமெரிக்காவின் என்ஃபீல்டில் ஜொனாதன் எட்வர்ட்ஸ் நிகழ்த்திய பிரசங்கத்தில், நெருப்புக்கு மேலே பிடித்த சிலந்தியைப் போலக் கடவுள் பாவியை நரகத்துக்கு மேல் பிடித்திருக்கிறார் என்றார். கூட்டத்தில் எழுந்த அலறலில் அவர் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. பௌத்தத்திலும் இதற்குக் குறைவில்லை, நரகங்களின் பட்டியலே உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. ஜப்பானிய ஜென்னின் இன்னொரு பெரிய பிரிவான ரின்சாய்க்குப் புத்துயிர் கொடுத்த ஹகுயின் (1686–1769) சிறுவனாக இருந்தபோது நரக வேதனையை வர்ணித்த ஒரு பௌத்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கதிகலங்கிப்போனார். குளியல் தொட்டிக்கு நீர் காய்ச்சும் நெருப்பின் சத்தம் கேட்டாலே அழுவாராம். அந்தப் பயம்தான் அவரைத் துறவியாக்கியது. அதாவது, நரகத்தைக் காட்டி மிரட்டும் உபதேசம் இல்லாவிட்டால் இன்றைய ரின்சாய் ஜென் இந்த வடிவில் இருந்திருக்காது.

அப்படியானால் மற்ற மதங்கள் வெறும் நீதிபோதனைதானா?

இல்லவே இல்லை. ஜென்னைப் புகழ்வதற்காக மற்றவர்களை இப்படிச் சித்தரிப்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். (ஏழாவது சீலத்தையும் நினைவுபடுத்துகிறேன்.) பிறருக்குப் புத்தி சொல்வதில் உள்ள ஆபத்தை எல்லா மரபுகளும் கண்டிருக்கின்றன.

4-ஆம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி மோசே, முன்பு கொள்ளைக்காரராக இருந்தவர். தவறு செய்த ஒரு சகோதரரை விசாரிக்கக் கூட்டம் கூட்டி இவரையும் அழைத்தார்கள். ஓட்டைக் குடம் ஒன்றில் நீரை நிரப்பிச் சுமந்துகொண்டு போனார். என்ன இது என்று கேட்டவர்களிடம், "என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, எனக்குத் தெரியவில்லை. இன்று இன்னொருவன் குற்றத்தைத் தீர்க்க வந்திருக்கிறேன்" என்றார். விசாரணை அதோடு முடிந்தது. இந்தக் கதையில் பெயர்களை மாற்றி ஜென் கதை என்று கொடுத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இஸ்லாத்தில் நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது கடமை. குர்ஆன் 3:104 அதைச் சொல்கிறது. ஆனால் அந்தக் கடமைக்கு எல்லைகளும் வகுத்தார்கள். இமாம் கஸாலி (1058–1111) எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி: கலீஃபா உமர் இரவில் ஒரு வீட்டுச் சுவர் ஏறிக் குதித்து, உள்ளே ஒருவன் மது வைத்துக்கொண்டிருப்பதைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார். அவன் சொல்கிறான்: "நான் ஒரு தவறு செய்தேன். நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள். துருவி ஆராயாதீர்கள் என்று இறைவன் சொன்னான், நீங்கள் ஆராய்ந்தீர்கள். வாசல் வழியே வாருங்கள் என்றான், சுவர் ஏறி வந்தீர்கள். ஸலாம் சொல்லி அனுமதி பெறச் சொன்னான், அதுவும் இல்லை." உமர் அவனை விட்டுவிட்டார்.

யூத மரபில் அயலானைக் கண்டிப்பது வேதமே இட்ட கட்டளை, லேவியர் ஆகமம் 19:17. ஆனால் யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதில் ரபி தர்ஃபோன், இந்தத் தலைமுறையில் கண்டனத்தைத் தாங்கிக்கொள்பவர் யாராவது இருப்பார்களா என்றே வியக்கிறார். "உன் கண்ணில் உள்ள துரும்பை எடு" என்றால், "முதலில் உன் கண்ணில் உள்ள உத்திரத்தை எடு" என்று பதில் வருகிறதாம். இயேசுவின் மலைப்பொழிவிலும் இதே துரும்பும் உத்திரமும் உண்டு. பொது ஆண்டுக்கு முந்தைய 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில், தன் மதத்தைப் புகழ்ந்து பிறர் மதத்தை இகழாமல் நாவை அடக்குங்கள் என்று செதுக்கினார். புண்ணியக் கணக்கைத் தாக்குவதும் போதிதர்மரின் தனியுரிமை இல்லை. 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த சூஃபி ரபியா ஒரு கையில் தீயும் ஒரு கையில் நீரும் ஏந்திப் போனதாகச் சொல்வார்கள்: சொர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அணைக்கவும்.

மற்ற மதங்களில் இந்த எச்சரிக்கை ஒரு கிளையாக ஓடுகிறது. ஜென் அதையே அடிமரமாக வைத்துக்கொண்டது. நான் பார்க்கும் வேறுபாடு அவ்வளவுதான்.

ஞாயிறு பிரசங்கம், வெள்ளிக்கிழமை குத்பா போல ஜென்னில் ஏன் இல்லை?

கேட்பவர்கள் வேறு. தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் ஊரே கூடுகிறது: குழந்தை, முதியவர், கடன் வாங்கியவர், கொடுத்தவர். அவர்கள் எல்லோரும் ஒன்றாக வாழ்வதற்கு நியாயம் பேசித்தான் ஆக வேண்டும். தெய்ஷோ கேட்பவரோ ஏற்கனவே வீட்டை விட்டு வந்து, விடியும் முன்பே எழுந்து தியானத்தில் உட்கார்ந்திருப்பவர். அவரிடம் திருடாதே என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

1549-இல் ஜெசூட் சபையின் கத்தோலிக்கப் பாதிரியார் பிரான்சிஸ் சேவியர் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கியபோது நின்ஷித்சு என்ற ஜென் மடத்தலைவரோடு நட்பானார். தியானத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த துறவிகளைக் காட்டி, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சேவியர் கேட்டார். "சிலர் போன மாதங்களில் காணிக்கை எவ்வளவு வந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். சிலர் நல்ல துணிமணி எங்கே கிடைக்கும் என்று யோசிக்கிறார்கள். உருப்படியாக ஒன்றும் யாரும் நினைக்கவில்லை" என்றார் நின்ஷித்சு. இதை எழுதிவைத்தவர்கள் ஜெசூட் பாதிரிகள். தன் மடத்தைப் பற்றி இப்படிப் பேசும் மதத்தலைவரை எந்த வகையில் சேர்ப்பது என்று அவர்கள் திணறியிருப்பார்கள்.

ஒழுக்கம் சொல்லித்தராமல் ஜென் மடங்கள் எப்படி நடந்தன?

சொல்லித்தந்தார்கள், விதிப்புத்தகம் வழியாக. இன்று முழுமையாகக் கிடைக்கும் ஜென் மட விதிநூல்களில் மிகப் பழையது 1103-ஐச் சேர்ந்தது. எப்படி உண்பது, எப்படிக் குளிப்பது, கழிப்பறையை எப்படிப் பயன்படுத்துவது, பொறுப்பில் இருப்பவர் மடத்துப் பொருளை எப்படிக் கையாள்வது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. பாய்ஜாங் பெயரில் வழங்கும் பழைய விதிகளின்படி பெருந்தவறு செய்தவரைத் தடியால் அடித்து, அங்கியையும் திருவோட்டையும் சபை முன் எரித்து, பக்கவாசல் வழியே வெளியே அனுப்புவார்கள். மிரட்டல் பிரசங்கம் இல்லை, ஆனால் வெளியேற்றம் உண்டு.

இன்னொரு காரணம் பேசப்படுவதே இல்லை. மடத்துக்கு வெளியே பெற்றோரை மதி, அரசுக்குக் கட்டுப்படு, வாக்குத் தவறாதே என்று ஓயாமல் சொல்லும் வேலையைச் சீனாவில் கன்பூசியம் எடுத்துக்கொண்டிருந்தது. சமூகத்தின் நீதிபோதனைப் பங்கு ஏற்கனவே நிரம்பியிருந்ததால் ஜென் குரு 'நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை' என்று பேச முடிந்தது. நல்லது எது என்று கேட்பவர்களுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சூழலிலிருந்து பிடுங்கி வேறு நாட்டில் நட்டபோதுதான் ஓட்டைகள் தெரிந்தன.

இது தட்சிணாமூர்த்தியின் மௌன உபதேசம் போன்றதா?

உறவு உண்டு. கல்லால மரத்தடியில் வாய் திறக்காமல் ஐயம் தீர்த்தவரையும், மௌனமே மேலான உபதேசம் என்ற ரமணரையும் (1879–1950) அறிந்தவர்களுக்கு யாவ்ஷான் அந்நியராகத் தோன்ற மாட்டார். ஆனால் சைவத்தில் மௌனம் படிக்கட்டின் உச்சி. சரியை, கிரியை, யோகம் கடந்து ஞானம். ஜென் குரு அதை முதல் படியிலேயே, அதுவும் நேற்று வந்த ஆளின் முகத்திலேயே வீசுவார்.

நீதிபோதனை செய்த ஜென் குருக்களே இல்லையா?

இருந்தார்கள். சுசுகி ஷோசான் (1579–1655) போர்வீரராக இருந்து துறவியானவர். உழவர் உழவையே, வணிகர் வணிகத்தையே நேர்மையாகச் செய்தால் அதுவே புத்த வழி என்று தொழில் வாரியாக அறிவுரை எழுதினார். கிறிஸ்தவத்தை மறுத்தும் ஒரு நூல் எழுதினார். தயக்கமே இல்லாத உபதேசகர். நரகத்துக்குப் பயந்த ஹகுயினும் பிற்காலத்தில் சாதாரண மக்களுக்காகப் பாட்டும் ஓவியமும் செய்தார், ஆடம்பரமாக வாழ்ந்து குடிமக்களை வதைத்த பிரபுக்களைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

குரு பூனையை வெட்டிய கதை?

ஒரு பூனைக்காக மடத்தின் இரண்டு பகுதித் துறவிகளும் சண்டை போட, நான்சென் (748–835) பூனையைத் தூக்கிப் பிடித்து, "ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிழைக்கும்" என்றார். யாரும் பேசவில்லை. வெட்டினார். மாலையில் வந்த அவருடைய சீடர் ஜோஷு விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். "நீ இருந்திருந்தால் பூனை பிழைத்திருக்கும்" என்றார் நான்சென்.

கொல்லாமைச் சீலம் எங்கே போனது? இந்தக் கேள்வியைத் தோகெனின் சீடர் எஜோவே கேட்டார்: இது குற்றமில்லையா? குற்றம்தான் என்றார் தோகென். புத்தச் செயலாகவும் இருக்கலாம், குற்றமாகவும் இருக்கலாம், இரண்டும் ஒரே செயலில்; இப்படிச் செய்யாமல் இருப்பதே மேல் என்றும் சொன்னார். இன்று இதை விளக்குகிறவர்கள் பூனை ஓர் உருவகம் என்று நழுவிவிடுகிறார்கள். தோகென் நழுவவில்லை.

இந்த மௌனத்துக்கு விலை ஏதாவது கொடுக்க நேர்ந்ததா?

பெரிய விலை.

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜப்பான் நடத்திய போர்களை அந்நாட்டு ஜென் அமைப்புகள் ஆதரித்தன. தன்னை மறந்து கட்டளைக்குப் பணிவது ஞானத்தின் அடையாளம் என்று பேசிய குருக்கள் உண்டு. நல்லது கெட்டது என்று பிரிக்காத மனம், கொல்லச் சொன்னால் கேள்வி கேட்காத மனமாக மாறுவதற்கு அதிக தூரம் இல்லை என்று அப்போது தெரிந்தது. சோட்டோ தலைமை 1992-இல் வருத்தம் தெரிவித்து அறிக்கை வெளியிட்டது. ரின்சாயின் மியோஷின்ஜி கிளை 2001-இல் மன்னிப்புக் கேட்டது. மற்ற மதங்களும் போரை ஆசீர்வதித்தன என்பது உண்மைதான். ஆனால் 'கொலை செய்யாதே' என்று வாராவாரம் சத்தமாகச் சொல்லும் மதத்தில், அதே வாக்கியத்தைத் தூக்கி மதத்தலைவர் முகத்தில் எறிய ஒருவனுக்கு வசதி உண்டு. சீலத்தைத் தியானத்துக்குள் கரைத்துவிட்ட இடத்தில் அந்த வசதி குறைகிறது.

உச்சியாமா குதோ (1874–1911) விதிவிலக்கு. ஹகோனே மலைப்பகுதியில் ஒரு சிறு சோட்டோ கோயிலின் குரு. நீ ஏழையாக இருப்பது முற்பிறவி வினை என்று உழவர்களிடம் சொல்வது பொய் என்றார். நிலவுடைமையையும் பேரரசரையும் எதிர்த்துக் கோயிலுக்குள்ளேயே ரகசியமாகத் துண்டுநூல் அச்சடித்தார். அரசு அவரைத் தேசத்துரோக வழக்கில் தூக்கிலிட்டது. அதற்கு முன்பே 1910-இல் சோட்டோ பிரிவு அவரைத் துறவிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. திரும்பச் சேர்த்தது 1993-இல். நியாயம் பேசிய ஒரு ஜென் குருவுக்குக் கிடைத்த மரியாதை அது.

அவர் எதிர்த்த அந்த வினைப் பேச்சு வெகுகாலம் ஓய்வதாக இல்லை. ஒடுக்கப்பட்ட புராக்கு சமூகத்தினருக்கு இறந்தபின் சூட்டும் பெயரில்கூட இழிவான எழுத்துகளைச் சேர்த்த கோயில்கள் இருந்தன. 1979-இல் ஓர் உலக மதமாநாட்டில் ஜப்பானில் அப்படிப் பாகுபாடே இல்லை என்று சோட்டோ நிர்வாகத் தலைவர் ஒருவர் பேச, எதிர்ப்புக் கிளம்பி, அதன்பிறகே அமைப்பு தன்னைத் தானே ஆராயத் தொடங்கியது. 1980-களில் அமெரிக்க ஜென் மையங்கள் பலவற்றில் குருக்கள் மாணவிகளிடம் நடந்துகொண்ட விதம் வெளியே வந்தது. அதன் பிறகு அங்கே எழுத்து வடிவ நடத்தை விதிகளும் புகார் நடைமுறைகளும் வந்தன. ஜென் மையத்தில் புகார்க் குழுவா என்று சிலர் முகம் சுளித்தார்கள். 1103-இன் விதிநூலை எழுதியவர் சுளித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தவறு செய்கிறவரை ஜென் குரு எப்படித் திருத்துவார்?

மடத்துக்குள் திட்டு, கத்தல், தடி எல்லாம் உண்டு. அதில் மென்மையை எதிர்பார்க்க வேண்டாம். வெளியே நடந்ததாகச் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது ரியோகான் (1758–1831) பற்றியது. தம்பி மகன் குடும்பச் சொத்தை அழித்துக்கொண்டிருந்தான். நீங்கள்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வீட்டார் அழைத்தார்கள். வந்தார், தங்கினார், ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது, "எனக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, இந்தச் செருப்புக் கயிற்றைக் கட்டிவிடு" என்றார். பையன் குனிந்து கட்டும்போது கையில் ஏதோ சொட்டியது. நிமிர்ந்தால் பெரியப்பாவின் கண்ணில் நீர். அவன் மாறிப்போனான் என்று கதை முடிகிறது.

எல்லாப் பையன்களும் இப்படி மாறுவார்களா என்று கேட்டால், மாட்டார்கள். ஆனால் அதற்கு முன் வீட்டார் சொன்ன நானூறு வார்த்தையும் அவனிடம் பலிக்கவில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு ஜென் முறையில் ஒழுக்கம் கற்பிக்கலாமா?

கோஆனை வைத்து வேண்டாம். வியட்நாமிய ஜென் துறவி திக் நாத் ஹான் (1926–2022) வழி இதற்குப் பொருந்தும். 1966-இல், போர் நடுவே, அவர் தொடங்கிய சபைக்குப் பதினான்கு நெறிகள் வகுத்தார். முதல் நெறியே, எந்தக் கோட்பாட்டையும், பௌத்தக் கோட்பாட்டையும்கூட, விக்கிரகமாக்கி வணங்காதே என்பது. பிறர் மேல், குழந்தைகள் உட்பட, உன் கருத்தைத் திணிக்காதே என்பதும் அதில் உண்டு. அதே சமயம் கொல்லாமை, சுரண்டாமை எல்லாம் நேரடியாகவே சொல்லியிருக்கிறார், பூடகம் இல்லாமல்.

ஜென் கதை சொல்கிறவர்களே ஏன் இவ்வளவு உபதேசம் செய்கிறார்கள்?

கதை முடிந்ததும் 'நீதி:' என்று ஒரு வரி சேர்க்காவிட்டால் நமக்குத் தூக்கம் வருவதில்லை. மடத்தில் புதிதாகச் சேர்ந்த துறவி, "எனக்குப் போதியுங்கள்" என்று கேட்கிறான். "கஞ்சி குடித்தாயா?" என்கிறார் ஜோஷு. "குடித்தேன்." "பாத்திரத்தைக் கழுவு." மூலத்தில் இதற்குப் பிறகு துறவி ஏதோ உணர்ந்தான் என்று மட்டும் வருகிறது, என்ன உணர்ந்தான் என்று இல்லை. இதன் கீழே 'கடமையைச் செய், நிகழ்காலத்தில் வாழ்' என்று எழுதுகிறவர், அந்தத் துறவி தானே கழுவ வேண்டிய பாத்திரத்தை அவனுக்காகக் கழுவிக் கொடுக்கிறார். அப்புறம், 'யாரையும் எடைபோடாதே' என்று அடுத்தவருக்குப் புத்தி சொல்லும் ஜென் அன்பர்கள் தனி இனம்; அவர்களைப் பற்றி எழுதினால் ஆறாவது சீலம் போய்விடும்.

வேறு மதத்தில் இருந்துகொண்டே ஜென் தியானம் செய்யலாமா?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஹியூகோ லசால் (1898–1990) ஜெர்மனியில் பிறந்த ஜெசூட் பாதிரியார். 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர். ஜப்பானிய ஜென் குருக்களிடம் பயின்று, பின்னாளில் தானே ஜென் பயிற்சி நடத்தினார், பாதிரியாராகவே இறந்தார். சேவியரின் சபையிலிருந்து வந்த ஒருவர், சேவியர் வெளியே நின்று பார்த்த அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். தியானத்தில் சேர மதம் மாறத் தேவையில்லை. பெரும்பாலான இடங்களில் கேட்கவும் மாட்டார்கள். சீலம் ஏற்பது வேறு. அது புத்தரிடம் சரணடைதலில் தொடங்குவதால், அதை ஏற்கும் முன் உங்கள் மதத்துப் பெரியவர் ஒருவரோடும் தியான ஆசிரியரோடும் பேசிக்கொள்வது நல்லது.